எங்க வீட்டுக்காரரைத் தேடி அலைந்தவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும், சட்ரஸ் (மதகு) டீக்கடைப் பக்கத்துக்கும், ஊரை விட்டுப் போன பிறகும் போனில் விசாரிக்கிற எல்லோருக்கும்,

வாசல் கதவின் உச்சியில் இருந்த தாழ்ப்பாளை நேற்று கழற்றச் சொல்லிவிட்டேன். ஆசாரித் தம்பி கூலி வாங்காமலே போய்விட்டார். மறதி நோயில் எங்க வீட்டுக்காரர் வெளியே கிளம்பிப் போய்விடாமல் இருக்க, 2021இல் அதை அவ்வளவு உயரத்தில் அடித்ததும் அந்தத் தம்பிதான். எனக்கே அதை எட்ட முக்காலி வேண்டும். இனி அது தேவையில்லை. எங்க வீட்டுக்காரர் நடக்க முடியாமல் படுக்கையில் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் யாரும் இனிமேல் அவரைத் தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓட வேண்டாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பாமணியாற்றில் 31 வருஷம் லஸ்கராக இருந்தவர். ஷட்டரைத் தூக்கி இறக்கி வாய்க்காலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வேலை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன அல்லவா, அங்கே எத்தனை அடி திறந்தார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் காலையில் பல்லே விளக்குவார். தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடும்போது ராத்திரி 2 மணிக்கு சைக்கிளை எடுப்பார். கல்யாணமான புதிதில் அந்த சைக்கிள் சத்தத்துக்கு நான் அழுததுண்டு.

2018 நவம்பரில் கஜா அடித்த பிறகுதான் ஆரம்பம். கொல்லைத் தென்னை எல்லாம் சாய்ந்தது. "மரமெல்லாம் எங்க?" என்று காலையில் கேட்பார், மத்தியானம் கேட்பார், படுக்கும்போதும் கேட்பார். மனசு விட்டுப்போச்சு என்று நினைத்தோம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே இருந்தோம்! நடுவில் கொரோனா வேறு. கடைசியில் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் ஸ்கேன், தைராய்டு, பி12 எல்லாம் பார்த்துவிட்டு அல்சைமர் என்றார்கள். டோனெபெசில் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "இது குணமாக்காதும்மா, கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க உதவலாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அந்த டாக்டருக்கு என் முதல் கும்பிடு. லேகியம், மந்திரிச்ச கயிறு என்று நான் காசைக் கரைக்காமல் தப்பித்தது அவரால்தான். (கயிறு ஒன்று கட்டினேன். பொய் சொல்லக் கூடாது.)

விளக்கு வைக்கிற நேரம்தான் கண்டம். அதுவரை திண்ணையில் சாதுவாக இருப்பவர் எழுந்து சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று சட்டை போடுவார். "கடைமடைக்குத் தண்ணி ஏறல, நான் போகணும்." ரிட்டையர் ஆயாச்சே என்று நான் சொல்லச் சொல்ல ஆத்திரம் ஏறும். "என்னைத் தடுக்க நீ யாரு?" 44 வருஷம் சோறாக்கிப் போட்டவளைப் பார்த்துக் கேட்பார்.

இப்போது அந்த வேலையில் இருக்கிற லஸ்கர் தம்பிதான் வழி கண்டுபிடித்தார். சாயங்காலமானால் அவரே போன் பண்ணுவார். "அண்ணே, ஷட்டர் தூக்கியாச்சு. கேஜ் ரெண்டேகால் காட்டுது. முத்துப்பேட்டைப் பக்கம் ஏறிடுச்சு." (கேஜ் என்றால் தண்ணீர் மட்டம்.) இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "கரையில கசிவு பாத்தியா?" என்பார். "பாத்தாச்சுண்ணே." அவ்வளவுதான். சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார். தம்பி, ஆற்றில் கால் நனையாத ஏப்ரல் மாசத்திலும் நீங்கள் கேஜ் சொன்னீர்களே, அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

2024இல் மேட்டூரை ஜூன் 12க்குத் திறக்கவில்லை, ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். அந்த ஒன்றரை மாதம் இந்த வீட்டில் நடந்ததை எழுத முடியாது. தண்ணீர் நம் ஊருக்கு வந்த வாரம், நான் அசந்த ஒரு ராத்திரி, முக்காலியைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். எத்தனை பேர் டார்ச்சோடு இறங்கினீர்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. விடிகாலையில் பால்காரத் தம்பிதான் மதகு மேடையில் அவரைப் பார்த்திருக்கிறார். ஷட்டர் தண்டைப் பிடித்தபடி நின்றாராம், கீழே புது வெள்ளம் சுழித்துக்கொண்டு போகிறது. அந்தப் பிள்ளை சத்தம் போடவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. "பெரியப்பா, எவ்வளவு வருது?" என்று கேட்டு, பேச்சுக் கொடுத்து, "வாங்க, ஆபீஸ்ல எழுதிட்டு வந்துருவோம்" என்று இரண்டு பால் கேனுக்கு நடுவில் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்கு யார் வீட்டுக்கும் நேரத்துக்குப் பால் வரவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு அத்தாச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "எனக்கு இவ சோறு போடுறதில்ல" என்று கை கழுவின ஈரத்தோடே போய் இவர் சொல்வார். அதை நம்பினவர்களும் இருந்தார்கள், பேர் வேண்டாம். அத்தாச்சி ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, என்னிடம் வந்து, "நீ போய் ரெண்டு மணி நேரம் படு" என்பார். எனக்கு வந்த உபதேசங்களை மூட்டை கட்டினால் வண்டி கொள்ளாது. திருநள்ளாறு போ, ஜாதகம் பாரு, ஹோமில் விடு. அத்தாச்சி ஒருத்திதான் படு என்று சொன்னது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி நாலாவது தடவை எழுப்பியபோது அவர்மேல் கை ஓங்கிவிட்டேன். குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டார். மறுநாள் மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் அவருக்குப் பார்க்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையில் பட்டையைச் சுற்றியது. 180க்கு 110. "முதல்ல உங்களுக்குத்தாம்மா மாத்திரை" என்றது. மனசு கஷ்டத்தைச் சொல்லிப் பேச 14416 என்ற நம்பரையும் எழுதிக் கொடுத்தது. ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்கள். கை ஓங்கியதை முதல்முதலாகச் சொன்னது அந்த நம்பரில்தான். இப்போது உங்களிடம்.

பேத்தி போனில் படித்துக் காட்டினாள். அல்சைமர் என்கிற ஜெர்மன் டாக்டர் இந்த நோயைப் பற்றி 1906இல் ஊருக்குச் சொன்னாராம். அவர் பார்த்த அம்மாவை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தது அவள் புருஷன், ரயில்வே குமாஸ்தா. டாக்டர் பேர் நோய்க்கு வந்துவிட்டது. அந்தக் குமாஸ்தா அதற்கு முன்னால் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தார் என்று பேத்தியிடம் கேட்டேன். அது போனில் இல்லை.

இப்போது அவர் ஏர் பெட்டில் படுத்திருக்கிறார். புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா செய்து காட்டினார். நானும் மருமகளும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரி 2 மணி முறை என்னுடையது.

இன்னொரு விஷயம். நடமாடின காலத்தில் அவர் தெருவில் எடுத்துவந்த சாமான்களை நீங்கள் யாரும் கேட்கவே இல்லை. டீக்கடை கிளாஸ் ஒன்பது, குடை இரண்டு, ஒரு பெரிய ஸ்பேனர், யாருடைய வீட்டுப் பித்தளைச் சொம்போ ஒன்று. எல்லாம் துலக்கித் திண்ணையில் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நீல டார்ச் மட்டும் கொஞ்ச நாள் இருக்கட்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறார்.