காலாவதியாகும் நாவல்கள்: நூலகங்களுக்கு மின்நூல் உரிமம் வழங்கும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் பதின்பருவத்தினருக்காக நாவல் எழுதுகிறேன். அலுவலக நேரத்தில் ஒரு பொது நூலகத்தின் டிஜிட்டல் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். இந்த இரண்டையும் ஒருவரே செய்வது அப்படியொன்றும் அபூர்வமில்லை. ராயல்டி எப்போது வரும், எவ்வளவு வரும் என்று நம்பி மாதச் செலவைத் திட்டமிட முடியாது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். நூலகம் எனக்கு மாதச் சம்பளத்தைத் தந்தது. கூடவே, பதின்பருவத்தினர் தேடல் பெட்டியில் எந்தச் சொற்களைத் தட்டச்சு செய்கிறார்கள், எந்த நூலை இரண்டே பக்கத்தில் திருப்பிவிடுகிறார்கள் என்பதையும் கற்றுத்தந்தது. எழுத்தாளராக உங்கள் ஒப்பந்தத்திலும், நூலகராக உங்கள் உரிம ஆணையிலும் இடம்பெற்றிருப்பவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்: மின்நூலை இரவல் தர நூலகங்களுக்கு நீங்கள் வழங்கும், இரண்டாண்டில் காலாவதியாகும் உரிமம் பதின்பருவ நாவல்களின் இயல்புக்குச் சற்றும் பொருந்தவில்லை, அதை மாற்றுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலை, அந்த மாதம் முடியவிருந்த உரிமங்களின் பட்டியலைத் திறந்தேன். பதினோராவது வரியில் என் முதல் நாவல் இருந்தது. இரவல் 19, காத்திருப்போர் 3. இருபது இரவலைத் தொடாத தலைப்பை உடனடியாகப் புதுப்பிப்பதில்லை என்பது எங்கள் கொள்முதல் விதி. அந்த விதியை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். என் நூல் என்பதற்காக விதியைத் தளர்த்துவது முறையாகாது என்பதால், மற்ற வரிகளுக்கு நேரே இட்ட அதே குறியை அந்த வரிக்கு நேரேயும் இட்டேன். அந்த நாவலின் முழுப் பிரதியும் என் மடிக்கணினியில் இருந்தது. ஆனால் அதை நூலகத்துக்குக் கொடுக்க எழுத்தாளரான எனக்கு உரிமை இல்லை, வாங்கி வைக்க நூலகரான எனக்கும் உரிமை இல்லை. காத்திருந்த மூவருக்கும் அந்தத் தலைப்பு இனிக் கிடைக்காது என்ற தானியங்கி அஞ்சல் போயிற்று. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மூன்று முன்பதிவுகளும் பதின்பருவ உறுப்பினர் அட்டைகளிலிருந்து வந்தவை என்பது மட்டுமே திரையில் தெரிந்தது.

அச்சு நூலில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு நூலகர்களுக்கு நன்கு தெரிந்தது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று தன் நாவல் ஒன்றிலேயே அச்சிட்டிருந்தது. மேசீஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. ஒரு பிரதியை விற்றபின் அந்தப் பிரதியின் அடுத்த விற்பனைமீது பதிப்பாளருக்குப் பிடி இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. நூலகம் தான் வாங்கிய தாள் நூலை யாரிடமும் கேட்காமல் இரவல் தர முடிவதன் பின்னால் இருப்பதும் இந்தக் கொள்கையே. மின்நூலை நீங்கள் விற்பதில்லை, உரிமம்தான் தருகிறீர்கள். எனவே அந்தக் கொள்கையின் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. சட்டப்படி நீங்கள் செய்வது தவறு என்று நான் வாதிடவில்லை. சட்டம் உங்கள் கையில் விட்டிருக்கும் ஒன்றை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதே என் கேள்வி.

2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்நூலை 26 முறை இரவல் தந்ததும் உரிமம் முடியும் என்று அறிவித்தபோது நூலகர்கள் கொதித்தெழுந்தார்கள். தேயாத கோப்புக்குத் தேய்மானம் கணக்கிடுவதா என்று கேலியும் நடந்தது. என் சக பணியாளர்களுக்குப் பிடிக்காது என்றாலும் சொல்கிறேன்: நாள்காட்டியைப் பார்த்து முடியும் உரிமத்தைவிட அந்த ஏற்பாடு எவ்வளவோ நியாயமானது. யாரும் எடுக்காத நாளில் அந்த நூலுக்கு ஆயுள் குறைவதில்லை. இரண்டாண்டு உரிமமோ, ஒருவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே இருக்கிறது.

பதின்பருவ நாவலுக்கு இது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதை விளக்கியாக வேண்டும். பெரியவர்களுக்கான நாவலாசிரியருக்கு முப்பது ஆண்டுகள் கூடவே வரும் வாசகர்கள் உண்டு. என் வாசகர்கள் பதின்மூன்றில் வந்து பத்தொன்பதில் போய்விடுகிறார்கள். மதிப்புரை படித்துவிட்டு அவர்கள் நூலைத் தேடுவது குறைவு. வகுப்பில் ஒருவர் படித்து, பக்கத்து இருக்கைக்குச் சொல்லி, அது தங்கைக்கோ தம்பிக்கோ போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆண்டு கடந்துவிடுகிறது. முதல் அலை அடங்கும்போது அடுத்த வகுப்பு வளர்ந்து வருகிறது. நான் பட்டியலில் பார்ப்பதெல்லாம் இந்த ஏற்ற இறக்கமே: சில மாதம் சும்மா கிடக்கும் தலைப்பு, திடீரென ஒரே வாரத்தில் நான்கு முன்பதிவு பெறும். இரண்டாண்டுகளில் அதைத் தூக்கிவிட்டால், பரிந்துரைக்க ஆள் வந்திருக்கும், எடுக்க நூல் இருக்காது. ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்று நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய விதிக்குப் பதின்பருவ அலமாரியில் ஒரு பின்னிணைப்பு தேவை: அந்த வாசகர் இன்னும் தொடக்கப் பள்ளியில் இருக்கக்கூடும்.

அச்சுப் பிரதிதான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; முதுகில் ஒட்டுநாடாவோடு, முன்னட்டையின் ஓரம் மடிந்து, இன்றும் இரவல் போய் வருகிறது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கியோ, எழுத்துருவை மாற்றியோ, திரைவாசிப்பானில் கேட்டோ படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தாள் நூலால் பயனில்லை. வாசிப்புக் குறைபாடுள்ள ஒரு மாணவருக்கு மின்நூல்தான் ஒரே பிரதி.

எழுத்தாளர்களின் வருமானத்தைக் காக்கவே இந்தக் கட்டுப்பாடுகள் என்று உங்கள் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. அந்த எழுத்தாளர்களில் ஒருவராகச் சொல்கிறேன்: புதுப்பிக்கப்படாத உரிமத்திலிருந்து எனக்கு வரும் ராயல்டி பூஜ்யம். இரவலும் வருமானமும் பகையாக இருந்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. நூலக இரவலுக்காக எழுத்தாளருக்கு ஈட்டுத்தொகை தரும் முறையை டென்மார்க் 1946இலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டன் 1979இல் அதற்குச் சட்டம் இயற்றி, 2018இல் தொலைவிலிருந்து எடுக்கப்படும் மின்நூல் இரவல்களையும் அதில் சேர்த்தது. 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பகம், புதிய மின்நூல் வெளியான முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே பிரதி என்று கட்டுப்படுத்தியது. 2020 மார்ச்சில் அதைக் கைவிட்டது. ஆகவே இவை மாற்ற முடியாத விதிகள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பதின்பருவ நாவல்களுக்கு மட்டுமாவது, கால எல்லை இல்லாமல் இரவல் எண்ணிக்கையில் முடியும் உரிமத்தை ஒரு தெரிவாகத் தாருங்கள். எண்ணிக்கையையும் விலையையும் பேசி முடிவு செய்யலாம். நூலகங்கள் இலவசம் கேட்கவில்லை. எழுத்தாளர் ஒப்பந்தத்தில், தன் நூல் நூலகங்களுக்கு எந்த வகை உரிமத்தில் போகிறது என்பதில் எழுத்தாளரின் விருப்பத்தைப் பதிவு செய்ய ஒரு வரி சேருங்கள்; என்னுடைய இரண்டு ஒப்பந்தங்களிலும் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிறிய விண்ணப்பம் ஒன்றும் உண்டு. நூலோடு நீங்கள் அனுப்பும் மேற்தரவில், அதாவது நூலைப் பற்றிய விவரக் குறிப்பில், ‘யாருக்கான நூல்’ என்ற புலத்தைத் தயவுசெய்து நிரப்புங்கள். நூலகப் பட்டியலுக்கான ‘மார்க்’ (MARC) என்ற கணினிப் பதிவில் அது ஒரே ஓர் எழுத்துக்கான இடம். அதை வெறுமையாக விடுவதால், முதல் காதலையும் ஒரு தாயின் மரணத்தையும் பேசும் நாவல் படக்கதைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது, அதை நான் ஒவ்வொன்றாகக் கையால் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

என் இரண்டாவது நாவலின் உரிமம் முடிய இன்னும் ஐந்து மாதங்கள் உள்ளன. இன்று காலை நிலவரப்படி இரவல் 14, காத்திருப்போர் 2. அந்தப் பட்டியலை மீண்டும் திறக்கும் நாளுக்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எழுத்தாளர்களில் ஒருவர், உங்கள் வாடிக்கையாளர்களிலும் ஒருவர்