பட்டன் வைக்கிறது ஈஸிங்க, அமுக்குனதுக்கு அப்புறம் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்ங்க.

கோடிங் தெரியாதவங்களும் ஆப் பண்ணலாம்னு நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லா இருந்துச்சு, தப்பா எதுவும் இல்ல. ஆனா ஸ்கிரீன்ல ஒரு பட்டனை வச்சு அதோட ஃப்ளோவ (பின்னாடி தானா ஒண்ணு ஒண்ணா ஓடுற வேலைகளோட வரிசை) சேர்த்துவிட்டு, அமுக்குனா மெயில் போகுது பாருங்கன்னு சொன்னதோட கட்டுரை முடிஞ்சிருச்சு. யூடியூப் வீடியோ, கோச்சிங் சென்டர் எல்லாமே அந்த மெயில் போறதோட முடிச்சுக்கிறாங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில ஐடி வேலை பாக்குறவன், அமுக்குனதுக்கு அப்புறம் நடக்கிறதுதான் எங்களுக்கு முக்கால்வாசி வேலையே, அதனால எழுதுறேன்.

கோடிங் இல்லாம ஆப் பண்றதுக்கு மைக்ரோசாஃப்ட் குடுக்கிற பவர் ஆப்ஸையே எடுத்துக்குவோம், கட்டுரைலயும் அதான் இருந்துச்சு. லைன்ல லேபிளோ பாலிபேக்கோ தையல் நூலோ தீர்ந்துபோச்சுன்னா சூப்பர்வைசர் ஸ்டோருக்கு இண்டெண்ட், அதாவது பொருள் கேட்டு சீட்டு, போடணும், மேனேஜர் அப்ரூவ் பண்ணணும், அப்புறம்தான் பொருள் வெளிய வரும். இதுக்கு போன்ல ஒரு ஆப். பட்டனை அமுக்குனா என்ன நடக்கணும்னு எழுதுற ஆன்செலக்ட்ல ஃப்ளோ பேரைப் போட்டு, புள்ளி வச்சு ரன்னுனு எழுதி, அடைப்புக்குறிக்குள்ள ஐட்டமும் அளவும் குடுத்தா, ஃப்ளோக்களை ஓட்டுற மைக்ரோசாஃப்டோட பவர் ஆட்டோமேட்ல ஃப்ளோ ஓட ஆரம்பிச்சிரும். ஃப்ளோ பக்கம் பவர் ஆப்ஸ் வி2 ட்ரிகரை (ஃப்ளோவ ஆரம்பிச்சு விடுற முதல் ஸ்டெப்) வச்சா எது டெக்ஸ்ட், எது நம்பர்னு முதல்லயே சொல்லிரலாம், பழைய ட்ரிகரை விட இது எவ்வளவோ மேல். இதுவரைக்கும் பத்து நிமிஷ வேலை.

இப்ப சிக்கலுக்கு வர்றேன். ஃப்ளோல இருந்து ஆப்புக்கு பதில் சொல்றதுக்குன்னு ரெஸ்பாண்ட்னு ஒரு ஸ்டெப் இருக்கு. புதுசா பண்றவங்க முக்கால்வாசிப் பேரு மேனேஜர் அப்ரூவல் கேட்கிற ஸ்டெப்ப முதல்ல போட்டுட்டு, அவர் ஓகே சொன்னதும் ஆப்புக்கு பதில் போகட்டும்னு ரெஸ்பாண்டை கடைசில வச்சிருவாங்க. கேட்க சரியாத்தான் இருக்கும், ஆனா ஆப் அந்த பதிலுக்காக 2 நிமிஷம்தான் காத்திருக்கும், மேனேஜரோ டையிங் யூனிட்ல நின்னுட்டு இருப்பாரு, சாயங்காலம்தான் போனையே பாப்பாரு. 2 நிமிஷம் தாண்டுனதும் ஆப்ல சிவப்புல எரர் வரும். ஆனா பாருங்க, பின்னாடி ஃப்ளோ சாகல, அது பாட்டுக்கு அப்ரூவலுக்காக காத்துட்டுதான் இருக்கும். சூப்பர்வைசருக்கு அது எப்படி தெரியும், எரர்னு போட்டா போகலைனுதானே நினைப்பாரு, மறுபடி அமுக்குவாரு. சாயங்காலம் மேனேஜர் மெயிலத் திறந்தா ஒரே இண்டெண்ட் மூணு தடவை நிக்குது, மனுஷன் மூணையும் அப்ரூவ் பண்ணிட்டாருன்னா ஸ்டோர்ல மூணு மடங்கு நூல் இறங்கிரும். இதுல சூப்பர்வைசரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சரி பண்றது ஒண்ணும் கஷ்டமில்ல. இண்டெண்ட்ட ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ல (மைக்ரோசாஃப்ட்லயே டேட்டாவ வரி வரியா வைக்கிற ஆன்லைன் பட்டியல்) ஒரு வரியா பதிவு பண்ணுனதுமே ரெஸ்பாண்டை வச்சிரணும், அதுல இண்டெண்ட் நம்பரை திருப்பி அனுப்பணும், அப்ரூவல் அதுக்குக் கீழ வரட்டும், ரெஸ்பாண்டுக்கு அப்புறமும் ஃப்ளோ ஓடிட்டுதான் இருக்கும். அப்ரூவ் ஆச்சா இல்லையாங்கிறத அதே லிஸ்ட்ல ஸ்டேட்டஸா எழுதிட்டா ஆப் அதைப் படிச்சு காட்டிக்கும். ஒரு ஃப்ளோ மிஞ்சிப்போனா 30 நாள்தான் உயிரோட இருக்கும், அதுக்குள்ள மேனேஜர் பாக்கலேன்னா என்ன பண்றதுன்னும் யோசிச்சு வைக்கணும். அப்புறம் பட்டன அமுக்குன உடனே ஒரு வேரியபிள மாத்தி பட்டனை டிசேபிள் பண்ணிரணும், பதில் வந்ததும் திறந்து விடணும், ஃப்ளோ ஃபெயில் ஆச்சுன்னா இஃப்எரர் ஃபங்ஷன்ல பிடிச்சு தமிழ்லயே மெசேஜ் காட்டணும். ரெஸ்பாண்டே இல்லாத ஃப்ளோன்னா இன்னும் மோசம், ஆப் அனுப்பிட்டு அது பாட்டுக்குப் போயிரும், பின்னாடி ஃபெயில் ஆனாலும் ஆப்புக்குத் தெரியவே தெரியாது.

இதே மாதிரி கோடிங் இல்லாம ஆப் பண்ற கூகுளோட ஆப்ஷீட்ல கதை வேற. பட்டன் அங்க ஷீட்ல ஒரு காலம்ல (column) இருக்கிற மதிப்ப மாத்தும், அந்த மாத்தத்தைப் பாத்துட்டு இருக்கிற பாட்ங்கிற (bot) தானியங்கிதான் வேலைய ஆரம்பிக்கும். சுத்தி வளைச்சு போறமாதிரி தெரிஞ்சாலும் எனக்கு இதுதான் பிடிக்கும், ஏன்னா யார் எப்ப அமுக்குனாங்கன்னு டேட்டாலயே தடயம் நிக்குது. பவர் ஆப்ஸ்லயும் இப்படி பண்ணலாம், பட்டன் லிஸ்ட்ல ஒரு வரி மட்டும் எழுதும், புது வரி வந்தா ஓடுற மாதிரி ஃப்ளோவ தனியா வச்சிக்கலாம், என்ன, ஓடுறதுக்கு கொஞ்ச நேரம் பிடிக்கலாம். நம்ம ஊரு ஜோஹோ கம்பெனியோட கிரியேட்டர்னா பட்டனுக்குப் பின்னாடி அவங்களோட டெலூஜ் மொழில ஸ்கிரிப்ட் எழுதணும், கிரியேட்டர் 2006லயே வந்த சாமான், கட்டுரைல அதப் பத்தி ஒரு வரி கூட இல்லாதது கொஞ்சம் வருத்தம்தான்.

யார் பேர்ல ஓடுதுங்கிறதும் இருக்கு. பவர் ஆப்ஸ் பட்டன்ல இருந்து ஓடுற ஃப்ளோ, மாத்தி வைக்கலேன்னா, அமுக்குனவரோட கனெக்ஷன்லதான், அதாவது அவரோட லாகின்லதான், ஓடும். அப்படின்னா அந்த ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ல எழுத அவருக்கு பர்மிஷன் குடுத்தாகணும், குடுத்தா ஆப்பே இல்லாம நேரா லிஸ்ட்டத் திறந்து அளவை மாத்துறதுக்கும் வழி திறந்திருது. சரி, ஆப் பண்ணுனவரோட கனெக்ஷன்லயே ஓடட்டும்னு மாத்தி வச்சா, அவர் வேலைய விட்டுப் போய் அக்கவுண்ட்ட மூடுன அன்னிக்கே எல்லா பட்டனும் படுத்துரும். எங்க ஏரியாவுல ஆளு கம்பெனி மாறுறது சாதாரணம்ங்கிறதால ஆப்புக்குன்னே தனியா ஒரு ஆபீஸ் அக்கவுண்ட் வச்சிக்கிறது நல்லது, அதுக்கும் லைசென்ஸ் காசு ஆகும்னு முதலாளிகிட்ட முதல்லயே சொல்லிரணும்.

அதனால அடுத்த தடவை இந்த சப்ஜெக்ட்ட எடுத்தா மெயில் அனுப்புற டெமோ வேண்டாம்ங்க. அப்ரூவல் இருக்கிற ஒரு முழு உதாரணத்த, ஃபெயில் ஆனா என்ன ஆகும்ங்கிறதோட சேர்த்து ஸ்கிரீன்ஷாட் வச்சு போடுங்க. ஒரு வாரத்துல முடியாதுன்னா ரெண்டு வாரமா கூட போடுங்க. ஆப் பண்ணித் தர்றேன்னு வர்ற பசங்ககிட்ட ரெஸ்பாண்டை எங்க வச்சிருக்கேனு கேக்குற அளவுக்காவது சின்ன கம்பெனிக்காரங்களுக்கு விவரம் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்,
திருப்பூர்