தாக்குகிறவனுக்கு நீங்களே உதவாதீர்கள்: சர்வர் வாடகை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வர்களை வாடகைக்கு விடும் நிறுவனங்களின் நெட்வொர்க் பிரிவினருக்கு,

வணக்கம். நான் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கு ஒரு சிறிய சர்வரை நடத்துகிறேன். உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்திடம் மாத வாடகைக்கு எடுத்த லினக்ஸ் இயந்திரத்தில் அது ஓடுகிறது. விளையாட வருகிறவர்கள் தரும் நன்கொடை வாடகைக்கே சரியாகப் போய்விடும். போலிப் போக்குவரத்தைக் கொட்டி என் சர்வரை முடக்கும் தாக்குதல் வரும்போது, என் இணைப்பையே நீங்கள் துண்டித்துவிடுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புகார் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, "ஃபயர்வால் போட்டிருக்கிறீர்களா?" என்பதுதான். அதனால் என் பக்கத்து வேலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டக்காரர் வேடத்தில் நுழையும் தானியங்கி நிரல்களான பாட்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இவை மைன்கிராஃப்ட்டின் வழக்கமான வாசலான 25565 போர்ட்டில், இரு பக்கமும் கைகுலுக்கித் தொடங்கும் டிசிபி இணைப்பை முறையாகப் போடும். எழுத்தும் எண்ணும் கண்டபடி கலந்த ஒரு பெயரைக் கொடுத்து லாகின் கேட்கும். கணக்குச் சரிபார்ப்பு இருந்தால் உள்ளே வர முடியாதுதான். ஆனாலும் ஒவ்வொரு முயற்சிக்கும் சர்வர் பதில் சொல்லியாக வேண்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் வந்து மோதினால், உள்ளே விளையாடிக்கொண்டிருப்பவர் வெட்டிய மரம் மறுபடி முளைத்து நிற்கும், திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளும். இதற்கு லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஹாஷ்லிமிட் என்ற வசதி இருக்கிறது: ஒரே ஐபி முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை புதிய இணைப்புதான், அதற்கு மேல் வந்தால் கீழே போடு. அந்த எண்ணை ரொம்பவும் இறுக்கக் கூடாது. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரு பாட்டை விரட்டப் போய் ஒரு கூட்டத்தையே வெளியே தள்ளிவிடுவோம்.

ஆட்டக்காரர்களை முதலில் வாங்கிச் சரிபார்க்கும் இடைநிலை சர்வரான பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் சர்வர்களின் போர்ட்டுகளை பிராக்ஸியின் ஐபிக்கு மட்டும் திறந்துவைத்திருக்கிறோம். பிராக்ஸி சரிபார்த்துவிட்டது என்ற நம்பிக்கையில் அவை சொல்லப்படும் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளும்; அந்தப் போர்ட் வெளியே தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அட்மின் பெயரில் நுழையப் பார்க்கலாம். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் திறந்துவிடும் போர்ட்டுகள், யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியின் விதிகளைத் தாண்டிப் போய்விடும் என்பதும் தெரியும், அதற்கும் தனியாக விதி எழுதியாயிற்று. புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐயும் விட்டுவைக்கவில்லை.

அப்புறம் வருகிறது இன்னொரு வகை. இதற்கு விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. என் ஐபியைக் குறிவைத்து, கைகுலுக்கல் எதுவும் இல்லாமல் அனுப்பப்படும் யுடிபி பாக்கெட்டுகளை (சிறு தரவுத் துண்டுகளை) கொட்டும், அவ்வளவுதான். யுடிபியில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடலாம் என்பதால் ஐபிவாரியான கட்டுப்பாடு இங்கே செல்லாது. தடுப்புப் பட்டியலில் சேர்த்தால் அப்பாவிகளின் முகவரிதான் சேரும். வேண்டுமென்றே என் ஆட்டக்காரர்களின் முகவரிகளைப் போட்டு அனுப்பினால், என் கையாலேயே அவர்களை நான் தடுத்துவிடுவேன். கவனிக்காமல் விட்டால் லினக்ஸின் இணைப்புப் பட்டியல் நிரம்பி, புதிதாக வரும் நிஜ ஆட்டக்காரரின் பாக்கெட்டும் கீழே விழும். சரி, அதையும் சமாளித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் இணைப்பு 1 ஜிகாபிட். வருவது 5 ஜிகாபிட் என்றால், என் ஃபயர்வால் எத்தனை பாக்கெட்டைத் தூக்கிப் போட்டும் பயனில்லை. அவை என் வாசலுக்கு வரும் வழியிலேயே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்த வழி உங்களுடையது.

அப்போது நீங்கள் செய்வது என்ன? என் ஐபிக்குப் போகும் எல்லாவற்றையும், நல்லது கெட்டது பார்க்காமல், கருந்துளையில் போட்டுவிடுகிறீர்கள். தாக்குகிறவன் ஆசைப்பட்டதும் அதுதானே? சில நிமிடம் பாக்கெட் கொட்டினான், மிச்ச வேலையை நீங்கள் மணிக்கணக்கில் முடித்துக் கொடுக்கிறீர்கள். ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு வந்த மின்னஞ்சலில், இனியும் தாக்குதல் வந்தால் கணக்கே மூடப்படும் என்று வேறு எழுதியிருந்தது. அடி வாங்கியவனுக்கே எச்சரிக்கை!

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. அதே ரேக்கில் இருக்கும் மற்றவர்களும் பாதிக்கப்படக் கூடாது. வேறு வழியே இல்லாத அளவில் வந்தால் துண்டியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். என் ஆட்டத்துக்கு யுடிபியே தேவையில்லை. "இந்த ஐபிக்கு யுடிபி எதுவும் வேண்டாம்" என்று உங்கள் எல்லை ரவுட்டரில் ஒரு வரி எழுத எனக்கு வழி இருந்தால், தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ், நேரம் சொல்லும் என்டிபி, தரவைத் தற்காலிகமாகச் சேமிக்கும் மெம்கேஷ்டு போன்ற பிறருடைய சர்வர்கள் வழியாகப் பெருக்கி அனுப்பப்படும் குப்பை முழுவதும் அங்கேயே நின்றுவிடும். இப்படிப்பட்ட விதிகளை ரவுட்டர்களுக்குள் பரப்புவதற்கான ஃப்ளோஸ்பெக் தரநிலை 2009-லேயே வந்துவிட்டது. யுடிபியில் ஓடும் ஆட்டங்களுக்கு இது இவ்வளவு எளிதில்லை; அவர்களுக்குப் போர்ட், பாக்கெட் அளவு என்று வடிகட்ட வேண்டியிருக்கும். எந்தப் பாக்கெட் தன்னுடையது என்பது சர்வர் நடத்துகிறவருக்குத்தான் தெரியும். அதனால்தான் விதி எழுதும் வசதி வாடிக்கையாளர் பேனலில் இருக்க வேண்டும் என்கிறேன். நள்ளிரவில் உதவி கேட்டு டிக்கெட் போட்டு விடியும்வரை காத்திருப்பதற்குள் ஆட்டக்காரர்கள் வேறு சர்வருக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போவதையும் பாருங்கள். பொய் முகவரியோடு கிளம்பும் பாக்கெட்டைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்தச் சொல்லி 2000-லேயே பரிந்துரை வந்துவிட்டது. உங்களுக்கு ஒதுக்கப்படாத முகவரியோடு உங்களிடமிருந்து ஒரு பாக்கெட் வெளியேற எந்த நியாயமும் இல்லை. இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் சண்டை என்று ஒதுக்குகிறவர்களுக்கு 2016-ஐ நினைவுபடுத்துகிறேன். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து வளர்ந்த மிராய் பாட்நெட்டின் (தாக்குகிறவன் கைக்குள் போன கருவிகளின் படையின்) பின்னணியில் மைன்கிராஃப்ட் சர்வர்களுக்கு இடையிலான போட்டி இருந்தது. அதே மிராய்தான் அந்த அக்டோபரில் டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி, பெரிய பெரிய தளங்களைப் பலர் திறக்க முடியாமல் செய்தது.

பேனல் வசதி வர நாளாகும் என்றால், இப்போதைக்கு இதையாவது செய்யுங்கள். அடுத்த முறை ஒருவருடைய ஐபியை மூடும்போது அனுப்பும் மின்னஞ்சலில், வந்த போக்குவரத்து எவ்வளவு, எந்த நெறிமுறை, எந்தப் போர்ட், எத்தனை மணிக்குத் திரும்பத் திறப்பீர்கள் என்று எழுதுங்கள். தாக்குதல் நின்றதும் இணைப்பு தானாகவே திரும்பட்டும். அதற்கும் ஒரு டிக்கெட் போட வைக்காதீர்கள். புதிதாக வாடகைக்கு எடுக்க வருகிறவர் பணம் கட்டும் முன்பே படிக்கிற மாதிரி, எத்தனை ஜிகாபிட் வரை தாங்குவீர்கள், அதைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்