நகரத்துத் தெருவையும் வரைந்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரொமான்டிக் கால ஓவியங்கள் (உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் முதலிடம் தந்த 19ஆம் நூற்றாண்டுத் தொடக்க கால ஐரோப்பிய ஓவியங்கள்) பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆங்கில ஓவியர் டர்னரின் கடல், ஜெர்மன் ஓவியர் ஃப்ரீட்ரிக்கின் மூடுபனி எல்லாம் சரி. ஆனால், அக்கால ஓவியர்கள் நகரத்தையே திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒரே போடாகப் போட்டதை ஏற்க முடியவில்லை. ஆங்கில ஓவியர் பெஞ்சமின் ராபர்ட் ஹேடன் 1829இல் வரைந்த 'பஞ்ச் அல்லது மே தினம்' லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறதே!

ஓவியத்தில் வரும் இடம் லண்டனின் அன்றைய நியூ ரோடு, இன்றைய மேரிலபோன் ரோடு. தெருவோரத்தில் பஞ்ச் என்ற கோமாளிப் பொம்மையின் பொம்மலாட்டம் நடக்கிறது. கிராமத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் தன்னை மறந்து சிரித்துக்கொண்டு நிற்க, பிக்பாக்கெட் ஒருவன் அவர் பையில் கை வைக்கிறான். அவன் மேல் பாய, லண்டனின் பழைய காவல் படையான போ ஸ்ட்ரீட் படையின் காவலர் தயாராக இருக்கிறார். புதிய லண்டன் மாநகரப் போலீஸ் தொடங்கியதும் இதே 1829இல்தான். கல்யாண வண்டியும் சவ வண்டியும் அந்த நெரிசலிலேயே போகின்றன. ஓவியத்துக்கு 'வாழ்க்கை' என்றுதான் ஹேடன் முதலில் பெயர் வைக்க நினைத்தார்.

எனக்கு மனதை விட்டுப் போகாதவர்கள் அந்த ஓவியத்தில் ஆடும் புகைபோக்கி துடைப்பவர்கள். மே 1 அவர்களுடைய திருநாள். வேஷம் கட்டி ஆடிக் காசு கேட்பார்கள். மற்ற நாளெல்லாம் பெரியவர்கள் நுழைய முடியாத கரி படிந்த குழாய்க்குள் சின்னப் பையன்களைத்தான் ஏற்றிவிடுவார்கள். சட்டம் மேல் சட்டம் போட்டும் அந்தக் கொடுமை ஓய 1875 வரை ஆனது. இது தெரிந்தபின் அந்த ஆட்டத்தை வெறும் கொண்டாட்டமாகப் பார்க்க முடியுமா?

வரலாற்றுக் காட்சிகளும் பைபிள் காட்சிகளும்தான் உயர்ந்த கலை என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் ஹேடன். கடனுக்காகச் சிறைக்கும் போனார். அவருடைய பிரம்மாண்டமான வரலாற்று ஓவியங்களைவிட இந்தத் தெருதான் எனக்குப் பெரிது. மலையும் புயலும் தனி மனிதனின் உணர்ச்சியைக் காட்டின என்றால், இங்கே ஒருவர் சிரிப்பும் இன்னொருவர் துக்கமும் உரசிக்கொண்டு போகின்றன. அதுவும் அந்தக் காலத்தின் உணர்ச்சிதான்.

இந்த ஓவியத்தை அடுத்த இதழில் வண்ணத்தில், முழுப் பக்கத்துக்குக் குறையாமல் வெளியிட வேண்டுகிறேன். தபால்தலை அளவில் போட்டால் அந்தப் பிக்பாக்கெட்டின் கை யார் கண்ணிலும் படாது.

இப்படிக்கு,
வாசகி, மதுரை