காசநோய் வார்டில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்குவதில் காட்டும் அக்கறையை, ஜன்னலைத் திறந்து வைப்பதில் பல மருத்துவமனைகள் காட்டுவதில்லை. தட்டாலும் துணியாலும் இந்நோய் பரவாது. இருமலில் தெறிக்கும் திவலைகள் உலர்ந்து, 1 முதல் 5 மைக்ரான் அளவுத் துகள்களாகி, மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றை மூச்சில் இழுப்பவருக்கே தொற்றுகிறது.

அறையின் காற்று மணிக்கு 12 தடவை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் 23 நிமிடத்தில் வெளியேறிவிடும். 2 தடவை மட்டுமே மாறினால் அதற்கு 138 நிமிடம் ஆகும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல்கள் திறந்திருப்பதே எளிய வழி. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளேயே சுழலும். ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. கொசுவுக்காக இரவில் ஜன்னலைச் சாத்துவதைவிடக் கட்டிலுக்கு வலை கட்டலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினால், அது தள்ளும் காற்று ஆட்கள் நடமாடும் தாழ்வாரத்துக்குப் போகக் கூடாது.

மாஸ்க் விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க், ஊழியருக்கு முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95. வால்வு வைத்த என்95-ஐ நோயாளிக்குப் போட்டால், அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வால்வு வழியே வெளியே வந்துவிடும்.

எங்கள் பெரிய கவலை, நோய் இன்னும் கண்டறியப்படாமல் பொது வார்டில் இருமிக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான். சீட்டு போடும் இடத்திலேயே “இரண்டு வாரமாக இருமலா?” என்று கேட்டு, ஆம் என்றால் மாஸ்க் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் தனியே உட்கார வைக்க வேண்டும். சளியைக் கழிப்பறையில் அல்ல, திறந்த வெளியில் எடுக்கச் சொல்லுங்கள். எச்சில் உதவாது, ஆழ்ந்து இருமி எடுத்த 2 முதல் 5 மில்லி சளி தேவை. சளியைப் பரிசோதிக்கும் சிபிநாட் கருவி சுமார் இரண்டு மணி நேரத்தில் நோயையும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டிவிடும். அந்த முடிவு வரும் முன்பே எல்லோரையும் ஒரே வார்டில் சேர்த்தால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி அடுத்த கட்டிலுக்கும் போகும்.

வீட்டுக்கு அனுப்பும்போது, மறுநாள் மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதை உறுதி செய்யுங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே சொல்லாவிட்டால், பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காசநோய்ப் பிரிவு ஊழியர்கள் சிலர்