கேமரா பற்றி, கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அழைப்பில் முகம் காட்டச் சொன்னால், மடிக்கணினியின் கேமரா வேலை செய்யவில்லை என்று நேற்றும் சொன்னாய். சரி, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அத்தை சொன்னதைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது.

முதலில் மூடியைப் பார். வில்லைக்கு மேல் தள்ளும் மூடி இருக்கலாம். விசைப்பலகையிலேயே கேமராவை அணைக்கும் விசையும் சில மடிக்கணினிகளில் உண்டு. பிறகு, யுஎஸ்பியில் இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையைக் கொடு. பட்டியலில் கேமரா இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. யுஎஸ்பி கேமராக்களை ஓட்டும் யுவிசி இயக்கி 2008 முதல், 2.6.26 பதிப்பிலிருந்தே, லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள் இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. எனக்கு இதையெல்லாம் சொல்லித்தந்தவளே நீதான். பள்ளியில் படிக்கும்போது, யாராலும் முடியாத அந்த அச்சுப்பொறியை இரவெல்லாம் உட்கார்ந்து லினக்ஸில் ஓட வைத்தாய். அப்படிப்பட்டவள் ஒரு கேமராவை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைத்திருக்கிறாய்.

படம் வெறும் கறுப்பாக இருந்தால் வேறொரு நிரல் கேமராவைப் பிடித்துவைத்திருக்கலாம். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் படமெடுக்க முடியும். உலாவியை ஸ்னாப் அல்லது ஃப்ளாட்பேக் என்ற பொதிகளின் வழியாக நிறுவியிருந்தால், கேமராவைத் தொட அதற்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார். மூடியையும் பார்.

ஆனால் போன வாரம் உன் முகம் ஒரு கணம் வந்து மறைந்தது. ஆக, இயக்கியும் அனுமதியும் சரியாகத்தான் இருக்கின்றன. யுஎஸ்பி தடத்தில் இடம் போதவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். 1280க்கு 720 அளவில் நொடிக்கு 30 சட்டகங்களைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 440 மெகாபிட் ஆகிறது, யுஎஸ்பி 2.0இன் உச்சமே ஏட்டளவில் 480தான். படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவத்துக்கு மாற்று, அல்லது 640க்கு 480 ஆகக் குறை. எங்களுக்கு அது போதும். அவள் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. "இளைத்துவிட்டாள்" என்றாள்.

படம் இழுத்து இழுத்து வந்தால் வெளிச்சம் குறைவாக இருக்கலாம். இருட்டில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கேமரா அதிக நேரம் ஒளி வாங்குகிறது. அதனால் நொடிக்கு வரும் சட்டகங்கள் குறைகின்றன. கேமராவின் அமைப்புகளை மாற்றும் வி4எல்2 கட்டளையில் அதைத் தடுக்கலாம், ஆனால் முகம் இருண்டுவிடும். விளக்கைப் போடு. நண்பகலில் எதற்கம்மா அந்த அறையில் திரைச்சீலையை இழுத்து மூடியிருக்கிறாய்? வேலைக்குப் போகிறாயா?

உன் தம்பி தேர்வில் தேறிவிட்டான். மற்றபடி இங்கே எல்லாரும் நலம்.

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்ஈஎஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில், யுவிசிவீடியோ என்று அந்த இயக்கியின் பெயர் வரும் வரிகளை மட்டும் நகலெடுத்து எனக்கு அனுப்பு. புரியாவிட்டால் படித்துப் புரிந்துகொள்கிறேன். அனுப்ப மனமில்லையென்றால் அதையாவது எழுது. அம்மாவிடம் காட்டமாட்டேன்.

அப்பா