பில்லை நினைத்து ஓர் இரவைக் கடத்தாதே

தஞ்சாவூர்
27.11.2025

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணமெல்லாம். தொலைபேசியில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள், குழந்தை அழும், நான் சொல்ல வந்தது நின்றுபோகும். இந்த விஷயம் அப்படி நின்றுபோகக் கூடாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, முந்தைய புதன்கிழமை இரவு பேத்திக்கு 38.4 டிகிரி, அதாவது நம் கணக்கில் 101, காய்ச்சல் அடித்ததையும், மருத்துவமனைக்குப் போனால் பெரிய பில் வந்துவிடுமோ என்று மாப்பிள்ளை தயங்கியதால் விடியும்வரை காத்திருந்து பிறகு டாக்டரிடம் காட்டியதையும், வேறு எதையோ சொல்லும் நடுவில் நீ சொல்லிவிட்டுப் போனாய். இறைவன் அருளால் குழந்தை தேறிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பிறந்து ஆறு வாரமே ஆன குழந்தைக்கு 38 டிகிரியைத் தாண்டினால் அதைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையென்றால் உடனே மருத்துவரை அணுக வேண்டும் என்பதுதான் நீங்கள் இருக்கும் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையின் அறிவுரையும். இரவில் மருத்துவ ஆலோசனைக்கான 111 என்ற எண்ணை அழைத்திருக்கலாம்; குழந்தை துவண்டிருந்தால் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே போயிருக்கலாம். மாப்பிள்ளையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்த அதே காரியத்தை 29 ஆண்டுகளுக்கு முன் நான் செய்தேன் என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை என்பதால் எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டு நீ இரண்டு வயதுக் குழந்தை. தஞ்சையில் இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் நீ பிறந்தபோது கட்டணம் என்ற பேச்சே எழவில்லை. அந்த நினைப்பிலேயே நான் ஷார்ஜாவுக்கு உங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டேன். ரோலா பகுதியில் ஒற்றை அறை வீடு. கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலை. மாதம் 2,200 திர்ஹம் சம்பளம். குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது. அது எதற்கு என்று கேட்கும் அறிவும் அன்று எனக்கில்லை. மாதக் கடைசியில் ஓர் இரவு உனக்குக் காய்ச்சல் ஏறியது. என் பையில் 140 திர்ஹம் இருந்தது. தனியார் மருத்துவமனையில் காலடி வைத்தாலே அது போதாது என்பது தெரியும். சம்பளம் வர மூன்று நாள் இருந்தது. அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ‘கிளம்பலாம் வாங்க’ என்று மூன்று முறை சொன்னாள். ‘காலையில் பார்ப்போம், இறங்கிவிடும்’ என்று மூன்று முறையும் நான் சொன்னேன். விடியற்காலையில் உனக்கு வலிப்பு வந்தது.

பக்கத்து அறையில் இருந்த கேரளத்து நண்பர் தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே அனுமதிப்பதற்கு முன் 1,000 திர்ஹம் முன்பணம் கேட்டார்கள். தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியவரும் அவர்தான். நிமோனியா என்றார்கள். ஐந்து நாள் இருந்தோம். மொத்த பில் 3,860 திர்ஹம். அன்றைய மதிப்பில் 36,000 ரூபாய்க்கு மேல். அதைக் கட்டி முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்த ஆண்டே உங்களை ஊருக்கு அனுப்பி வைத்தேன். உன் படிப்புக்காகத்தான் அனுப்பினேன் என்று நீ இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருக்கிறாய். நாங்களும் அப்படியே சொல்லி வந்தோம். உண்மையில் இன்னொரு பில் வந்தால் தாங்க முடியாது என்ற பயத்தினால்தான் அனுப்பினேன். நீ பள்ளிக்குப் போனதையும் பெரிய மனுஷியானதையும் புகைப்படத்தில் பார்த்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் அங்கே தனியாக இருந்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஓர் இரவைத்தான் என்னால் திருப்ப முடியவில்லை.

உன் நிலைமை என்னுடையதைப் போன்றது இல்லை, தேன்மொழி. மாப்பிள்ளை பயந்தது ஒரு தவறான தகவலினால். உன் தோழியின் அண்ணி விசிட்டர் விசாவில் வந்து, அங்கே குறைப்பிரசவமாகி, தாய்க்கும் குழந்தைக்குமாகப் பல்லாயிரம் பவுண்டு பில் வந்த கதையைக் கேட்டதிலிருந்து அவர் மனம் கலங்கியிருக்கிறது என்றாய். அது நடக்கக்கூடியதுதான். பார்வையாளராக வருகிறவர்களுக்கு இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு, அதாவது 150 சதவீதம், வசூலிக்கின்றன. பிரசவத்தைப் பணம் இல்லை என்று மறுக்க மாட்டார்கள். ஆனால் பின்னால் பில் வரும். நீயோ விசா எடுக்கும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் சுகாதாரக் கூடுதல் கட்டணத்தை உனக்கும் மாப்பிள்ளைக்கும் மொத்தமாகக் கட்டியவள். அதனால்தான் உன் பிரசவத்துக்கு ஒரு பைசாவும் கேட்கவில்லை. அந்தக் கட்டணத்தைக் கட்டியவர்களுக்கு அங்கே பிறக்கும் குழந்தைக்கும் முதல் மூன்று மாதங்கள் இலவசச் சிகிச்சை உண்டு. ஆகவே அந்தப் புதன்கிழமை இரவு நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் ஒரு பவுண்டும் செலவாகியிருக்காது. அது மட்டுமில்லை: அவசரச் சிகிச்சைப் பிரிவில் பார்ப்பது, உள்நோயாளியாக அனுமதிக்கும்வரை, எந்த விசாவில் இருப்பவருக்கும் இலவசம். குடும்ப மருத்துவரைப் பார்ப்பதும் அப்படியே. உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைப் பணத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்பது அவர்கள் விதியிலேயே இருக்கிறது. குழந்தைக்கு எழுதித் தரும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் நீயே பொறுமையாகச் சொல். நான் சொன்னால் மாமனார் கண்டிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

இனி நான் கவலைப்படும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த மூன்று மாதம் முடிகிற தேதி எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா? பேத்தி அக்டோபர் 9 அன்று பிறந்தாள். ஜனவரி 9 உடன் முடிகிறது. இன்றிலிருந்து 43 நாள். பிரிட்டனில் பிறந்தாலே அந்நாட்டுக் குடியுரிமை என்பது 1983ஆம் ஆண்டோடு போய்விட்டது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். எனவே நம் பேத்தி இந்தியக் குழந்தை. அவளுக்கு உன் விசாவைச் சார்ந்த விசா ஒன்று எடுத்து, அவளுக்குரிய சுகாதாரக் கட்டணத்தையும் கட்டினால்தான் அதன் பிறகும் சிகிச்சை இலவசமாகத் தொடரும். அந்த நாட்டிலேயே இருக்கும்வரை கைக்குழந்தைக்கு விசா கட்டாயமில்லை என்று உன் அலுவலகத் தோழி சொன்னது குடியேற்ற விதிப்படி சரிதான். ஆனால் மருத்துவமனை கேட்பது வேறு கேள்வி. பிறந்தபோதே தேசிய மருத்துவ எண் கொடுத்துவிட்டார்களே என்று இருந்துவிடாதே. அந்த எண் இலவசச் சிகிச்சைக்கு உத்தரவாதம் ஆகாது. நான்காவது மாதத்தில் ஒரு மூச்சுத்திணறலுக்காக நான்கு நாள் அனுமதிக்க நேர்ந்தால், உன் தோழியின் அண்ணிக்கு வந்த அதே 150 சதவீத பில் உன் வீட்டுக்கும் வரும்.

விசாவுக்கு முன்னால் இந்தியப் பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டுக்கு முன்னால் தூதரகத்தில் பிறப்புப் பதிவு என்று ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. அங்குள்ள பிறப்புச் சான்றிதழை 42 நாளுக்குள் வாங்கிவிட்டாய், நல்லது. தூதரகப் பதிவுக்கு ஓராண்டு அவகாசம் இருக்கிறது என்று நினைத்து நீ ஆறப்போட்டிருக்கிறாய். அந்த ஓராண்டு குடியுரிமைச் சட்டம் கொடுக்கும் அவகாசம்; மருத்துவமனை கொடுப்பது மூன்று மாதம்தான். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு வருகிறது. தயவுசெய்து இந்த வாரமே தொடங்கு.

பேத்திக்கான சுகாதாரக் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. உங்கள் விசாவில் இன்னும் இரண்டு ஆண்டு இருப்பதால் 1,552 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 1,78,480 ரூபாய். விசா விண்ணப்பக் கட்டணம் தனி. ஒரே தவணையில் முன்கூட்டியே கட்ட வேண்டும். புது வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அஞ்சலகத்தில் என் பெயரில் இருக்கும் வைப்பை முடித்து இரண்டு லட்சம் ரூபாயை உனக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. இந்தப் பணம் 1996இல் கையில் இருந்திருந்தால் எதற்குச் செலவாகியிருக்குமோ, அதற்குத்தான் இப்போது செலவாகிறது.

எனக்கு இதில் மனக்குறை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. நீயும் அங்கே வருமான வரி கட்டுகிறாய், தேசியக் காப்பீட்டுத் தொகையும் மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதற்கு மேல் இந்தக் கட்டணமும் என்றால் ஒரே சிகிச்சைக்கு இரண்டு முறை வாங்குவதாகத்தான் எனக்குப் படுகிறது. அந்த மருத்துவச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன், நாட்டுக்கு வந்திருக்கும் வெளிநாட்டவருக்கும் சிகிச்சை தருவதுதான் முறை என்று எதிர்ப்பாளர்களிடம் வாதாடியவர். கட்டணம் வாங்கும் அதிகாரம் 1949இலேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டாலும் 1982 வரை அதைப் பயன்படுத்தவில்லை. 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய கூடுதல் கட்டணம் பத்து ஆண்டுக்குள் ஐந்து மடங்காகியிருக்கிறது. பெரியவர்களிடம் வாங்குவதற்கு ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். பாஸ்போர்ட் எந்த நிறம் என்று அறியாத கைக்குழந்தையைக் கட்டணத்துக்குரிய நோயாளி என்று பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒப்பாததை ஒப்பவில்லை என்று சொல்லலாம். ஆனால் அதற்காகக் கட்டாமல் இருந்துவிட முடியாது, பேத்தியின் உடம்பு அதில் இருக்கிறது.

ஒருவேளை எங்கேயாவது தவறாக பில் வந்துவிட்டால், பயந்து மேசைக்குள் போட்டு வைக்காதே. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கும். விசா நிலையைக் காட்டும் சான்றோடு அவர்களுக்கு எழுத்தில் கேள். சரியான பில்லாகவே இருந்தாலும் தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளும்படி எழுதிக் கேள். 500 பவுண்டுக்கு மேற்பட்ட பாக்கி இரண்டு மாதத்துக்கு மேல் நின்றால் உள்துறைக்குத் தகவல் போய், அடுத்த விசா மறுக்கப்படுவதற்கு அதுவே காரணமாகலாம். நான் கடன்பட்டது நண்பரிடம் என்பதால் அவர் பொறுத்தார்.

அம்மா பொங்கலுக்கு உங்களை எதிர்பார்த்து, பேத்திக்குப் பட்டுப்பாவாடைத் துணிகூட எடுத்து வைத்திருக்கிறாள். அவளிடம் நான் பேசிவிட்டேன். விசா இல்லாமல் குழந்தை நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே வர விசா எடுத்தாக வேண்டும். இலவசச் சிகிச்சைச் சலுகையும் அதோடு அறுந்துவிடும். எனவே விசா கைக்கு வரும்வரை யாரும் கிளம்ப வேண்டாம். அதற்குப் பதிலாக ஏப்ரலில் நாங்கள் இருவரும் வருகிறோம். நாங்கள் பார்வையாளர்களாக வருவதால், மருத்துவமனையில் அனுமதித்துச் செய்யும் சிகிச்சை எங்களுக்கு இலவசமில்லை. எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோயைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை என்பதால், அதையும் சேர்த்து ஏற்கும் பாலிசியாக, ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத்தான் எடுப்பேன். அது கிடைக்காவிட்டால் அம்மா மட்டும் வருவாள்.

டிசம்பர் 4 அன்று பேத்திக்கு எட்டு வாரம் முடிகிறது. முதல் தடுப்பூசிக்கு நாள் வாங்கிவிட்டாயா? ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம் என்பதால், என்ன செய்ய வேண்டும் என்று அந்த நர்ஸிடமே கேட்டு, பேத்தியின் உடல்நலக் குறிப்புகள் எழுதும் அந்தச் சிவப்புப் புத்தகத்தில் குறித்து வை. 111 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாஸ்போர்ட் விண்ணப்ப எண்ணைச் சொல். என் நாட்குறிப்பில் ஜனவரி 9ஆம் தேதிப் பக்கத்தில் அதை எழுதி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா